சூட்டு முள் அசையாவிட்டால்
(என்ஜினின் வெப்ப உணரியைக் கண்டறிதலும் மாற்றுதலும்)

ஒரு பெரும்போக அறுவடைக் காலத்தில், சூடடிப்பு முடிந்த களத்திலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்த உழவு இயந்திரம் ஒன்று நடுவீதியில் நின்றுபோயிற்று. மீளக்குடியேறிய மூன்று குடும்பங்கள் சேர்ந்து, கடன்பட்டு வாங்கிய இயந்திரம் அது. றேடியேற்றர் குழாயின் பட்டி தளர்ந்து தண்ணீர் முழுவதும் வழியில் ஒழுகிவிட்டது. ஓட்டியவர் கவனமில்லாதவர் அல்லர். அவர் அடிக்கடி சூட்டு மீற்றரைப் பார்த்தே வந்திருக்கிறார். ஆனால் முள் கடைசிவரை குளிர் பக்கத்திலேயே படுத்திருந்தது. ஒரு வருடமாகவே அது அப்படித்தான் கிடந்தது என்றும், “இந்த மிசின் சூடாகிறதில்லை” என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள் என்றும் பின்னர் தெரிய வந்தது. ஹெட் வளைந்து, காஸ்கற் எரிந்து, அறுவடை மும்முரத்தில் இருபது நாட்கள் வேறோர் இயந்திரத்தை வாடகைக்குப் பிடிக்க வேண்டியதாயிற்று.

கராஜில் கழற்றிப் பார்த்தபோது காரணம் வெளிப்பட்டது. என்ஜினின் வெப்பத்தை மீற்றருக்கு அறிவிக்கும் உணரியின் தலையிலிருந்து ஒற்றை வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பக் கொழுவியிருந்தால் ஒரு சதமும் செலவாகியிராது.

எமது குடும்பங்களிடம் உள்ள வாகனங்களில் பெரும்பாலானவை பலர் கைமாறி வந்தவை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோதும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம்விட்டு இடம் பெயர்ந்தபோதும், வீட்டுச் சாமான் முழுவதையும் ஏற்றிக்கொண்டு முதலாம் கியரில் ஊர்ந்த வாகனங்கள் எத்தனை என்பது வாசகர்களுக்குத் தெரியும். பாரம் கூடி வேகம் குறைந்தால் என்ஜின் கொதிக்கும். அப்படிக் கொதித்துக் கைவிடப்பட்டவையும் உண்டு. தப்பி வந்தவற்றிலும் எலி கடித்த வயர்கள், துருப்பிடித்த இணைப்புகள், வேலை செய்யாத மீற்றர்கள் ஏராளம். ஆகவே இச்சிறு பாகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

உணரி என்பது என்ன?

எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக் குழாயால் வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஏந்திச் சென்று றேடியேற்றரில் காற்றுக்குக் கொடுக்கிறது. இத்தண்ணீர் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையில் இருக்கும்போது என்ஜின் நலமாக இயங்குகிறது. அதிலும் மிகக் கூடினால் ஹெட் வளையும். மிகக் குறைந்தால் எரிபொருள் வீணாகி, சிலிண்டர் விரைவில் தேயும்.

இந்த வெப்பத்தை அறிந்து சொல்வதற்காக, தண்ணீர் ஓடும் பாதையில் பித்தளையினாலான ஒரு சிறு திருகு பொருத்தப்பட்டிருக்கும். பெருவிரல் அளவுதான் இருக்கும். அதன் உள்ளே ஒரு சிறு வில்லை உண்டு. சாதாரண கம்பி சூடாகும்போது மின்சாரத்துக்கு அதன் தடை கூடும். இவ்வில்லையோ அதற்கு எதிர்மாறானது. குளிரில் தடை அதிகம், சூட்டில் தடை குறைவு. தடை குறையக் குறைய மீற்றருக்குள் கூடுதலான மின்சாரம் ஓடி முள் எழும்புகிறது. இதைக் கராஜ்களில் ‘ஹீற் சென்சர்’ என்றும் ‘ரெம்பரேச்சர் யூனிற்’ என்றும் சொல்வார்கள்.

எல்லா வாகனத்திலும் ஒரே வகை இருப்பதில்லை. இதைத் தெரியாமல் கடைக்குப் போனால் பிழையான பொருளுடன் திரும்ப நேரும்.

ஒற்றை வயர் உள்ளது மீற்றருக்கு மட்டும் சொல்வது. மற்ற இணைப்பு அதன் புரி வழியாக என்ஜின் இரும்போடு சேர்ந்துவிடுகிறது. அதாவது என்ஜினே அதற்கு ஏர்த். பழைய வான்களிலும் லொறிகளிலும் உழவு இயந்திரங்கள் பலவற்றிலும் இதுவே உண்டு.

இரண்டு வயர் உள்ளது பெரும்பாலும் புதிய கார்களிலும் சிறு லொறிகளிலும் உள்ள கணினிப் பெட்டிக்குச் சொல்வது. எவ்வளவு பெற்றோல் அல்லது டீசல் விடுவது, விசிறியை எப்போது சுழற்றுவது என்பவற்றை அப்பெட்டி இதன் சொல்லைக் கேட்டே தீர்மானிக்கிறது. சில வாகனங்களில் மீற்றருக்கு ஒன்றும் பெட்டிக்கு ஒன்றுமாக இரண்டு உணரிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வேறு சிலவற்றில் ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கும்.

இவற்றோடு தோற்றத்தில் ஒத்த இன்னொன்றும் உண்டு. அது விசிறிச் சுவிச்சு. குறித்த சூடு வந்ததும் விசிறியைத் தொடக்கிவிடும். படிப்படியாக எதையும் அளக்காது. பெரும்பாலும் றேடியேற்றரின் அடியிலோ பக்கத்திலோ இருக்கும்.

நான்காவது வகைக்கு மின்சாரமே வேண்டாம். பழைய உழவு இயந்திரங்கள் பலவற்றில் மீற்றரிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று சுருண்டு வந்து என்ஜினில் முடிவதைக் கண்டிருப்பீர்கள். அதன் நுனியிலுள்ள குமிழுக்குள் எளிதில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருக்கிறது. சூடேற அது அமுக்கத்தை உண்டாக்கி முள்ளை நேரே தள்ளுகிறது. இக்குழாய் ஓரிடத்தில் நசுங்கினாலோ வெடித்தாலோ ஒட்டுப் போட்டுப் பயனில்லை; திரவம் போய்விடும். மீற்றர், குழாய், குமிழ் மூன்றையும் ஒரே பொருளாகவே வாங்கி மாற்ற வேண்டும். மாற்றும்போது குழாயை முறுக்காமல், பெரிய வளையமாக விட்டு, சூடான புகைக் குழாயில் படாமல் கட்டிவிடுங்கள்.

எங்கே தேடுவது?

றேடியேற்றரின் மேற்பக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டு அதன் மறு நுனிவரை போங்கள். அது என்ஜினோடு சேருமிடத்தில் ஒரு மூடி போன்ற கூடு இருக்கும். அதற்குள் தேர்மோஸ்ரற் உண்டு. அக்கூட்டிலோ, அதற்கு ஒரு சாண் சுற்றளவில் சிலிண்டர் ஹெட்டிலோதான் பெரும்பாலும் உணரி இருக்கும். சூடான தண்ணீர் என்ஜினை விட்டு வெளியேறும் வாசல் அதுவாகையால், காவற்காரனும் அங்கேயே நிற்கிறான். வான்களில் முன் ஆசனத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் சுவிச்சும் ஒற்றை வயருடன் ஏறத்தாழ இதே போலத்தான் இருக்கும். ஆனால் அது சிலிண்டர் புளொக்கின் கீழ்ப்பக்கத்தில், எண்ணெய் வடிக்கு அருகே இருப்பது வழக்கம். அதைக் கழற்றினால் வருவது தண்ணீரல்ல, ஒயில்.

உணரியைக் குற்றம் சாட்டுமுன்

முள் சூடு என்று காட்டினால் உணரிதான் பிழை என்று சொல்லிவிட்டு ஓடுகிறவர்கள் பலர். இது ஆபத்தான பழக்கம். முதலில் என்ஜின் உண்மையாகவே சூடாகிறது என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள். தண்ணீர் மட்டம், குழாய்ப் பட்டிகள், பான் பெல்ற், றேடியேற்றரின் முகம் என்பவற்றைப் பாருங்கள். சூடடிப்புக் காலத்தில் பதரும் வைக்கோல் தூசியும் றேடியேற்றர் இதழ்களை அடைத்துவிடும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக விசிறி அடித்தால் அவை கழன்றுவிடும். வேகமாக அடித்தால் இதழ்கள் மடங்கும்.

இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும். உணரி அளப்பது தன்னைத் தொடும் தண்ணீரின் சூட்டை. தண்ணீர் ஒழுகிப்போய் அதைச் சுற்றி வெறுங் காற்று நின்றால், என்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். ஏறியிருந்த முள் பாரத்தோடு போகையில் திடீரென விழுந்தால் மகிழ வேண்டாம். உடனே நிறுத்தித் தண்ணீரைப் பார்ப்பதற்கான அடையாளம் அது. மேலே சொன்ன உழவு இயந்திரத்தில் வயர் சரியாக இருந்திருந்தாலும், முள் ஏறி விழுந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

முள் எந்நேரமும் தாழ்வாகவே நின்றாலும் உணரிதான் காரணம் என்று சொல்ல முடியாது. 1990களில் உதிரிப் பாகங்களும் பற்றரிகளும் வடக்கிற்கு வரத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓட்டிய எமது மெக்கானிக்மார், பழுதான தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையை முடித்தார்கள். அன்றைக்கு அதைவிட வேறு வழி இருக்கவில்லை. அவர்கள் கெட்டித்தனத்தால்தான் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆனால் பாகங்கள் கிடைக்கும் இந்நாளிலும் “எங்கள் வெயிலுக்கு அது தேவையில்லை” என்று சொல்லிக் கழற்றுவது சரியல்ல. தேர்மோஸ்ரற் இல்லாத என்ஜின் பாரமில்லாமல் ஓடும்போது உரிய சூட்டை எட்ட நெடுநேரம் எடுக்கும். கணினிப் பெட்டி உள்ள வாகனத்தில், அப்பெட்டி என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணி எரிபொருளைக் கூட்டிக்கொண்டேயிருக்கும். புது உணரி வாங்கிப் போட்டும் முள் எழும்பவில்லையே என்று கவலைப்படுபவர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் முறை

ஒற்றை வயர் உணரியைச் சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது திறப்பை ‘ஒன்’ நிலைக்குத் திருப்புங்கள். ஸ்ரார்ட் செய்ய வேண்டாம். உணரியின் தலையிலுள்ள வயரைக் கழற்றுங்கள். முள் குளிர் பக்கம் இருக்கும். இப்போது அவ்வயரின் நுனியை என்ஜினின் சுத்தமான இரும்பில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். ஒருவர் உள்ளே இருந்து மீற்றரைப் பார்க்கட்டும். முள் சூட்டுப் பக்கம் பாய்ந்து எழுந்தால் மீற்றரும் வயரும் நல்லவை, பிழை உணரியில். எழும்பாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது மீற்றருக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது மீற்றர் பழுது. அந்நிலையில் புது உணரி வாங்குவது வீண்செலவு. நெடுநேரம் தொட்டு வைத்திருந்தால் சில மீற்றர்கள் கெட்டுவிடும்.

இதற்கு மாறாக, திறப்பைத் திருப்பியவுடனேயே, குளிர்ந்த என்ஜினில், முள் சிவப்பில் போய் நின்றால் வயரைக் கழற்றிப் பாருங்கள். முள் இறங்கினால் உணரி உள்ளுக்குள் பழுதாகியிருக்கிறது. இறங்காவிட்டால் வயர் எங்கோ தோல் உரிந்து இரும்பில் தொடுகிறது. எலி வாசம் செய்த வாகனங்களில் இது சாதாரணம்.

சில சிறு கார்களில் முள்ளே இல்லை. குளிரில் நீல விளக்கும் சூட்டில் சிவப்பு விளக்கும் மட்டுமே உண்டு. காலையில் எரியும் நீல விளக்கு சிறிது தூரம் ஓடியபின் அணைய வேண்டும். அணையவேயில்லையென்றால் உணரியையும் தேர்மோஸ்ரற்றையும் பார்க்க வேண்டும்.

இரண்டு வயர் உணரியை மேற்சொன்னவாறு இரும்பில் தொட்டுச் சோதிக்காதீர்கள். அதற்கு 5 வோல்ட் மின்சாரம் கணினிப் பெட்டியிலிருந்து வருகிறது; பிழையான வயரைப் பிழையான இடத்தில் தொட்டால் உணரியைவிடப் பலமடங்கு விலையுள்ள பெட்டிக்குக் கேடு வரலாம். இதற்கு ஒரு மல்ரி மீற்றர் வேண்டும். விலை அதிகமில்லை, ஒரு கிராமத்துக்கு ஒன்று இருந்தாலே போதும். வயரைக் கழற்றிவிட்டு மீற்றரை ஓம் அளக்கும் நிலையில் வைத்து, உணரியின் இரண்டு ஊசிகளையும் தொடுங்கள். எமது காலை வெப்பநிலையில், அதாவது 28, 30 பாகையில், பெரும்பாலான உணரிகள் 1500 முதல் 2000 ஓம் வரை காட்டும்.

கழற்றி எடுத்த உணரியை அடுப்படியிலேயே சோதிக்கலாம். ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உணரியின் பித்தளை மூக்கு மட்டும் அமிழுமாறு கம்பியில் கட்டித் தொங்க விடுங்கள். சட்டியின் அடியில் முட்டக்கூடாது; மேலேயுள்ள ஊசிகள் நனையவும் கூடாது. எமது சமதரைப் பிரதேசங்களில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதால், வெப்பமானி இல்லாமலே ஓர் அளவு கிடைத்துவிடுகிறது. நல்ல உணரி அப்போது ஏறத்தாழ 200 ஓமுக்கு இறங்கியிருக்கும். சரியான எண் வாகனத்துக்கு வாகனம் சிறிது வேறுபடும். முக்கியம் என்னவெனில், தண்ணீர் சூடேறச் சூடேற எண் இடையில் தாவாமல் சீராக இறங்க வேண்டும். ஓரிடத்தில் திடீரெனப் பாய்ந்தாலோ, எதையும் காட்டாவிட்டாலோ அது உதவாது. ஒற்றை வயர் உணரியையும் இப்படிச் சோதிக்கலாம்: மீற்றரின் ஒரு முனையைத் தலையிலும் மற்றதைப் பித்தளை உடலிலும் வையுங்கள். அதன் எண்கள் இதைவிடச் சிறியவை. குளிரில் சில நூறு ஓம், சூட்டில் சில பத்து ஓம்.

இரண்டு வயர் உணரி பழுதானால் முள் மட்டும் கெடுவதில்லை. காலையில் ஸ்ரார்ட் எடுக்கச் சிரமப்படும், அல்லது சூடான பின் நிறுத்தினால் மறுபடி எடுக்காது. பெற்றோல் வாகனம் கறுப்புப் புகை விடும். எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். பல வாகனங்களில் விசிறி திறப்பைத் திருப்பியதிலிருந்து ஓயாமல் சுழலும்; சூட்டைப் பற்றிச் சொல்ல ஆளில்லாததால் பெட்டி முன்னெச்சரிக்கையாகச் செய்வது அது. வயர் அறுந்திருந்தால் பெட்டிக்கு என்ஜின் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரில் நிற்பதாகத் தோன்றும். அப்படிப்பட்ட குளிரை நுவரெலியாவும் கண்டதில்லை! கைத்தொலைபேசியோடு இணைத்துப் பெட்டியின் எண்களை வாசிக்கும் சிறு கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில் காலையில் அதை இணைத்தால், தண்ணீரின் சூடும் வெளிக் காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் உணரியையோ இணைப்பையோ சந்தேகிக்கலாம்.

கடைக்குப் போகும்போது

பழைய உணரியைக் கையோடு கொண்டுபோங்கள். புரியின் பருமன், மூக்கின் நீளம், ஊசிகளின் எண்ணிக்கை, பிளக்கின் வடிவம் ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். உடலில் பொறித்த இலக்கம் தெரிந்தால் இன்னும் நல்லது. “இதுவும் பூருது, கொண்டுபோங்கோ” என்று தரப்படும் வேறொரு வாகனத்தின் உணரி புரியில் ஏறிவிடலாம். ஆனால் அதன் தடை வேறாக இருந்தால் தண்ணீர் கொதிக்கும்போது முள் பாதியில் நிற்கும். மீற்றர் இல்லாத வாகனத்தை விடப் பொய் சொல்லும் மீற்றர் உள்ள வாகனம் ஆபத்தானது. கழித்த வாகனத்திலிருந்து எடுத்த உணரியை வாங்குவதில் தவறில்லை. கொதிதண்ணீரில் சோதித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மாற்றும் முறை

முதல் விதி: என்ஜின் முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். றேடியேற்றர் மூடி ஏறத்தாழ 13 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அந்த அமுக்கத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. 120 பாகை அளவிலேயே கொதிக்கும். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் அமுக்கம் விழுந்து, உள்ளே இருப்பது அக்கணமே கொதித்து முகத்தில் பாயும். சாக்கைப் போட்டு மூடித் திறப்பதும் காவலல்ல. மேற்பக்கக் குழாயை வெறுங்கையால் இறுகப் பிடித்து வைத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மட்டுமே மூடியில் கை வையுங்கள். மாலையில் நிறுத்திவிட்டு மறுநாட் காலையில் செய்வதே உத்தமம்.

பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள். மின் விசிறி உள்ள வாகனங்களில் இது விரலையும் காக்கும். றேடியேற்றரின் கீழ்த் திருகைத் திறந்து, சுத்தமான பாத்திரத்தில் ஒன்றிரண்டு லீற்றர் தண்ணீரை வடித்தால் உணரியின் மட்டத்துக்குக் கீழே போய்விடும். பழஞ்சீலையால் உணரியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். இல்லாவிட்டால் அது உள்ளே விழும். பிளக்கின் பூட்டை நகத்தால் அல்லது சிறு திருப்புளியால் தூக்கி, பிளக்கைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். வெயிலில் பொரிந்த பழைய பிளக்குகள் உடைவது இந்த இடத்தில்தான்.

பல உணரிகளுக்கு 19 மில்லிமீற்றர் சாவி பொருந்தும். சிலவற்றுக்கு 17 அல்லது 22. ஆழமான சொக்கற் இருந்தால் மிக நல்லது. குறட்டினால் கடித்துத் திருப்பாதீர்கள். பித்தளை மிருதுவானது, மூலைகள் தேய்ந்துவிடும். இறுகிப் பிடித்திருந்தால் துருநீக்கி எண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். அலுமினிய ஹெட்டில் உணரி முறிந்துவிட்டால் நீங்களே துளைக்க முயலாமல் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தப் புரி கெட்டால் ஹெட்டுக்கே வேலை.

பழைய உணரியுடன் செப்பு வாசரோ றப்பர் வளையமோ வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் துவாரத்துக்குள் ஒட்டியிருக்கக்கூடும். இரண்டு வாசர்கள் ஒன்றின் மேலொன்றாக இருந்தால் ஒழுகும். துவாரத்தின் வாயைத் துணியால் துடைத்து, புதியதைக் கையாலேயே திருகத் தொடங்குங்கள். மூன்று நான்கு சுற்றுக்கள் விரலால் இலேசாக ஏறினால் புரி சரியாகப் பிடித்திருக்கிறது. பிறகு சாவியால் இறுக்குங்கள். பலம் காட்டும் இடமல்ல இது. சிறு சாவியைக் குட்டையாகப் பிடித்து ஒரு கையால் இறுக்கும் அளவு போதும்.

ஒற்றை வயர் உணரிக்கு ஒரு தனிக் குறிப்பு. ஒழுகாதிருக்க வெள்ளை நாடாவைப் பல சுற்றுச் சுற்றிப் பூட்டும் வழக்கம் குழாய் வேலையிலிருந்து எமக்கு வந்தது. இங்கே புரிதான் ஏர்த். நாடா தடித்தால் ஏர்த் கெட்டு முள் தாழ்வாகக் காட்டும். வாசரோடு வரும் உணரிக்கு எதுவும் தேவையில்லை. கூம்புப் புரி உள்ளதற்கு, முதலிரு புரிகளை விட்டு மேலே மெல்லிதாகச் சிறிது பசை பூசினால் போதும். பிளக்கின் ஊசிகளில் பச்சை படிந்திருந்தால் அரத்தாளால் மெதுவாகச் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள்.

வடித்த தண்ணீர் சுத்தமாக இருந்தால் வடித்தெடுத்து மீண்டும் விடலாம். றேடியேற்றரில் மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே உள்ள காற்றுக்கு வெளியேற நேரம் வேண்டும். காற்று வெளியேறுவதற்கென்று தனித் திருகு உள்ள என்ஜின்களில் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் தண்ணீர் வரும்வரை காத்திருந்து இறுக்க வேண்டும். பற்றரியைக் கொழுவி, மூடி திறந்தபடியே என்ஜினை மெதுவாக ஓட விடுங்கள். தேர்மோஸ்ரற் திறக்கும்வரை மேற்குழாய் அதிகம் சூடேறாது; திறந்ததும் விரைவாகச் சூடேறும், தண்ணீர் மட்டமும் சற்று இறங்கும். அப்போது நிரப்பி மூடிவிடுங்கள். அக்கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் வாகனத்தின் இயல்பான இடம். புதிய உணரி சொல்வது உண்மையா என்பதற்கும் இதுவே அத்தாட்சி.

எந்தத் தண்ணீர்?

யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லினூடாக வருவது. கேத்தலின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் படையைப் பாருங்கள். அதே படை றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் உணரியின் மூக்கிலும் படிகிறது. படை தடித்த உணரி சூட்டைத் தாமதமாகவே அறியும். கரையோரத்து உவர்த் தண்ணீர் இன்னும் மோசம். அது உலோகத்தையே அரிக்கும். கூரையிலிருந்து சேர்த்த மழைத் தண்ணீரைத் துணியில் வடித்து விடலாம். பற்றரிக்கு விடும் வடிநீர் அதனிலும் நல்லது. கடையில் விற்கும் கூலன்ற் குளிர் நாடுகளுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. சில கலன்கள் அப்படியே விடுவதற்கு, சில தண்ணீர் கலப்பதற்கு. வெளியில் எழுதியிருப்பதை வாசித்துச் செய்யுங்கள்.

ஆனால் கூலன்ற் நஞ்சு. பெரும்பாலானவற்றில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடையது. பளிச்சென்ற பச்சை அல்லது சிவப்பு நிறமும் சேர்வதால் பிள்ளைகள் சர்பத் என்று குடித்துவிடக்கூடும். சோடாப் போத்தல்களில் ஊற்றி வைக்காதீர்கள். வடித்த பாத்திரத்தை முற்றத்தில் விட்டால் நாயும் ஆடும் நக்கும். கிணற்றடியில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகும். பிள்ளை குடித்துவிட்டதென்று சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியும்வரை காத்திராமல், கலனையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

லாண்ட் மாஸ்டரும் நீரிறைக்கும் இயந்திரமும்

இவற்றை வைத்திருப்போர் தங்கள் இயந்திரத்தில் உணரியைத் தேடிக் களைக்க வேண்டாம். தோட்டத்துக்கு நீரிறைக்கும் சிறு இயந்திரங்கள் பெரும்பாலும் காற்றால் குளிர்பவை. அவற்றின் சிலிண்டரைச் சுற்றியுள்ள இதழ்களில் சேறும் ஒயிலும் படியாமல் துடைத்து வைப்பதே போதும். இரு சில்லு உழவு இயந்திரங்களின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின்கள் பலவற்றில், மேலே உள்ள தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகியே சூட்டைக் கொண்டுபோகிறது. அங்கே கொதிப்பது நோயல்ல. தண்ணீர் குறைவதே நோய். சிவப்புத் தலையுள்ள மிதவை ஒன்று தொட்டியில் நின்றால் அதுதான் உங்கள் மீற்றர். அது தாழ்ந்ததும் தண்ணீர் விடுங்கள்.

வழியில் கொதித்துவிட்டால்

முள் சிவப்பை நெருங்கினால் நிழலில் நிறுத்துங்கள். தண்ணீர் ஒழுகவில்லையென்றால் பாரமின்றிச் சில நிமிடம் மெதுவாக ஓட விடலாம். முள் இறங்கத் தொடங்கும். ஒழுகியிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மூடியைத் தொட வேண்டாம். பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் அள்ளி என்ஜின் மேல் ஊற்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். சூடான ஹெட் அப்படித்தான் வெடிக்கிறது. அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஆற விட்டு, கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து, மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பின்னர் என்ஜினை ஸ்ரார்ட் செய்து மெதுவாக ஓட விட்டபடி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தாகத்துக்குக் கொண்டுபோகும் போத்தலைத் தவிர, ஐந்து லீற்றர் கலன் ஒன்றில் தண்ணீர் எப்போதும் வாகனத்தில் இருக்கட்டும்.

உணரி மாற்றிய மறுநாட் காலையில், வாகனத்தை எடுக்குமுன் அதன் அடியைக் குனிந்து பாருங்கள். பித்தளையைச் சுற்றி ஈரமோ, காய்ந்த வெள்ளைக் கோடோ இருந்தால் இன்னும் கால் சுற்று இறுக்குங்கள். தண்ணீர் மட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எஞ்சிய காற்று வெளியேறியதால் குறைந்திருப்பதை நிரப்பிக்கொள்ளுங்கள்.